ஆற்றின் கணக்கைப் பீலியில் தொடங்குவோம்



இலங்கையின் தென்கிழக்குக் கரையில் கடலைச் சேரும் பெரிய ஆறுகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கிப் பின்தொடர்ந்து போனால், அவற்றில் பல நம்மை ஊவா மலைகளுக்கே கொண்டுவந்து சேர்க்கும். பண்டாரவளைப் பக்கத்து மலைகளில் தொடங்கும் கிரிந்தி ஓயா, வெல்லவாய வழியாகத் தெற்கே இறங்கித் திஸ்ஸமகாராமை வயல்களைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. தியலும நீர்வீழ்ச்சியில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பூனாகலை ஓயாவின் நீரும் கடைசியில் அதோடுதான் சேர்கிறது. நமுனுகுலைப் பக்கத்து மலைகளிலிருந்து மாணிக்க கங்கை புறப்பட்டுக் கதிர்காமத்தையும் யால காட்டையும் கடக்கிறது. லுணுகலைப் பக்கத்தில் பிறக்கும் கும்புக்கன் ஓயா, மொனராகலைக்கு அருகே ஓடிக் குமணைக்குப் போகிறது. ஹெட ஓயா சியம்பலாண்டுவ வழியாகக் கிழக்குக் கரைக்குச் செல்கிறது. கிழக்கு மாகாணத் தமிழர் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் கல் ஓயாவும் பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளின் மழைநீர்தான். வடக்கே திரும்பினால் உமா ஓயா, பதுளு ஓயா, லொக்கல் ஓயா மூன்றும் மகாவலியில் சேர்ந்து கொட்டியாரக் குடா வரை போகின்றன. ஹல்தும்முல்லைச் சரிவில் விழும் மழையில் ஒரு பங்கு வளவை கங்கைக்குச் சேர்கிறது. அம்பாறையின் நெல்லும், திஸ்ஸமகாராமையின் நெல்லும், நாட்டின் மின்சாரத்தில் ஒரு பங்கும், கதிர்காமத்துத் தீர்த்தமும் இந்த மலைகளில் பெய்யும் மழையால் நடக்கின்றன.

இத்தனை பேருக்கு நீர் கொடுக்கும் மலையில், தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் யூலை, ஆகஸ்ட் மாதங்களில் குடத்தோடு வரிசையில் நிற்கின்றன. வழக்கமாக இதை இரண்டு வேறு விஷயங்களாகப் பார்க்கிறோம். ஆறு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வேலை. லயத்துக் குழாய் தோட்டத் துரையின் வேலை, அல்லது தொழிற்சங்கத்தின் கோரிக்கை. இவை இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதுதான் இன்று நான் முன்வைக்க வந்த வாதம். ஊவாவில் கட்டப்பட்ட பெரிய நீர்த்திட்டங்கள் எல்லாம் ஆற்றின் கணக்கை அணைக்கட்டிலிருந்து தொடங்கின. அணைக்கு மேலே இருப்பவர்களை நீர் பாவிப்பவர்களாக எவரும் எண்ணவில்லை. அப்படி எண்ணாததால் மேலே இருப்பவர்கள் நீரை இழந்தார்கள். கீழே இருப்பவர்களுக்கும் சொன்ன அளவு நீர் கிடைக்கவில்லை.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். ஊவாவுக்கு மழை தரும் காலம் ஒக்தோபர் முதல் ஜனவரி வரை. தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் தன் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வரண்ட காற்றாகத்தான் வருகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தை தேடும் தனி வாசனை ஏறுகிறது. தரகர்கள் நல்ல விலை கேட்கும் பருவம் அது. ஊற்றுகள் வற்றுவதும் அதே வாரங்களில்தான். சமவெளியில் சிறுபோக நெல்லுக்கு நீர் தேவைப்படும் காலமும் அதுதான். கதிர்காமத்தில் ஆடிவேல் விழா நடந்து, கிழக்கிலிருந்து கால்நடையாக வரும் அடியார்கள் கும்புக்கன் ஓயாவையும் மாணிக்க கங்கையையும் நம்பி நடப்பதும் அப்போதுதான். தேவை எல்லாம் ஒன்றுகூடும் மாதத்தில் வரவு மிகக் குறைவாக இருக்கிறது. ஆகவே ஊவாவில் ஆண்டு மொத்த மழையைச் சொல்லிக் கணக்குப் போடுவதில் பயனில்லை. ஆகஸ்ட் மாதத்தில் எந்த ஓடையில் எவ்வளவு ஓடுகிறது, அதில் யாருக்கு முதல் உரிமை என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஊவாவின் பழைய வெல்லஸ்ஸப் பகுதியில் ஒரு விடை இருந்தது. சிற்றோடைகளை ஆங்காங்கே மறித்துக் கட்டிய சிறு குளங்கள் மழைக்கால நீரைப் பிடித்து வைத்து, ஒரு குளத்தின் கசிவை அடுத்த குளம் வாங்கிக்கொள்ளும் முறை அது. 1817இல் வெல்லஸ்ஸயில் தொடங்கிய ஊவாக் கிளர்ச்சியை ஆங்கில அரசு அடக்கிய விதத்தில் வயல்களும் குளங்களும் கிராமங்களோடு சேர்ந்து அழிந்தன. அதற்குப் பின் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைக் காடுகளை அரசின் சொத்தாக்கித் தோட்டக்காரருக்கு விற்க வழி செய்தது. கோப்பி வந்தது, அது நோயில் அழிந்த பின் தேயிலை வந்தது. மேலே காடு போயிற்று. கீழே குளம் போயிற்று. மன்னார்க் கரையில் இறங்கிக் காடும் மேடும் நடந்து வந்து இந்தச் சரிவுகளில் குடியமர்த்தப்பட்ட நம் முன்னோர், நீர் ஒழுங்கு குலைந்த ஒரு நாட்டுக்குள்தான் வந்து சேர்ந்தார்கள். அதைக் குலைத்தவர்கள் அவர்கள் அல்லர்.

இனி சுதந்திரத்துக்குப் பிந்திய திட்டங்களுக்கு வருகிறேன். இங்கே கிரிந்தி ஓயாவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்றவை அதிலிருந்தே கிளைக்கின்றன. திஸ்ஸமகாராமைப் பகுதியில் திஸ்ஸ வாவி, யோத வாவி, வீரவில போன்ற பழைய குளங்கள் எல்லாகல அணையிலிருந்து நீர் பெற்று நெடுங்காலமாக நெல் விளைவித்தன. அதற்கு மேலே லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் ஆசிய அபிவிருத்தி வங்கி முதலானவற்றின் கடனில் கட்டப்பட்டு 1980களின் நடுவில் நிறைவேறியது. பழைய வயல்களோடு புதிய நிலத்துக்கும் நீர் தருவதாகச் சொல்லிப் புதுக் குடியேற்றவாசிகளை அழைத்து வந்தார்கள். ஆற்றில் வருமென்று எதிர்பார்த்த நீர் வரவில்லை. வரவைக் கூட்டி மதிப்பிட்டிருந்தார்கள். பழைய வயல்காரருக்கு முதல் உரிமை இருந்தபடியால், குறைந்த நீர் முதலில் அவர்களுக்குப் போயிற்று. புதிய பகுதியில் குடியேறியவர்கள் வருடத்தில் ஒரு போகம் செய்வதற்கே பாடுபட்டார்கள். காணி கொடுத்து, வீடு கொடுத்து, வாய்க்காலும் வெட்டிக் கொடுத்த பிறகு, அந்த வாய்க்காலில் ஓட நீர் இல்லாமற் போனது.

அப்போது செய்திருக்க வேண்டியது, மேலே என்ன நடக்கிறது என்று பார்ப்பது. மலையில் காடு குறைந்தால், பத்தனைப் புல்வெளி மரக்கறித் தோட்டமானால், மழைக்கால வெள்ளம் கூடும், கோடைக்கால ஓட்டம் குறையும். அந்த வேலை நடக்கவில்லை. அடுத்த ஆற்றைக் கொண்டுவந்தார்கள். மாணிக்க கங்கையின் குறுக்கே, யால காட்டு எல்லைக்குள், வெஹெரகல நீர்த்தேக்கம் கட்டப்பட்டு அதன் நீர் லுணுகம்வெஹெரவுக்குத் திருப்பப்பட்டது. கதிர்காமத்துக்கு மேலேயே ஆறு பிரிந்துவிட்டதால், விழாக் காலத்தில் அடியார்கள் மூழ்கி எழ மாணிக்க கங்கையில் நீர் வேண்டுமென்றால் மேலிருந்து திறந்துவிட வேண்டியிருக்கிறது. அதுவும் போதாமல் மூன்றாவது ஆறாக உமா ஓயா வந்தது. கிரிந்தி ஓயாவில் விழுந்த ஒரு கணக்குப் பிழையை அடைப்பதற்கு மாணிக்க கங்கை, அதன் பின் மகாவலிக்குச் சேர வேண்டிய உமா ஓயா என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகள் இழுக்கப்பட்ட வரலாறு இது. மின்சாரமும் அம்பாந்தோட்டையின் புதிய தேவைகளும் பிற்காலத்தில் கூடுதலான காரணங்களாகச் சேர்ந்தன என்பதை மறுக்கவில்லை. தொடக்கம் அந்தப் பற்றாக்குறைதான்.

உமா ஓயாத் திட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெலிமடைப் பக்கம் புஹுல்பொலவில் ஒரு அணை, டயரபாவில் மற்றொன்று. இரண்டையும் இணைக்கும் ஒரு சுரங்கம். டயரபாவிலிருந்து பண்டாரவளை மலைகளுக்கு அடியாக 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமான மற்றொரு சுரங்கம். அதன் முடிவில் 600 மீற்றருக்கும் அதிகமான செங்குத்துக் குழாயில் நீர் இறங்கி, வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனியவில் நிலத்தடி மின்நிலையத்தைச் சுழற்றி, அலிகோட்ட ஆற்றின் வழியே கிரிந்தி ஓயாப் படுகையில் சேர்கிறது. மின் கொள்ளளவு 120 மெகாவாற்று. ஆண்டுக்கு 14.5 கோடி கன மீற்றர் நீர் திருப்பப்படும் என்பது திட்டக் கணக்கு. ஈரானிய நிறுவனமொன்றுடன் 2008இல் ஒப்பந்தமாகி, ஈரான் மீதான பொருளாதாரத் தடைகளால் கடன் நின்றுபோக, இலங்கைத் திறைசேரியின் பணத்தில் வேலை தொடர்ந்த இத்திட்டத்தை, 2024 ஏப்ரல் 24ஆம் திகதி அன்றைய ஈரானிய ஜனாதிபதி ரைசியும் அன்றைய இலங்கை ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்கவும் திறந்துவைத்தார்கள். ஒப்பந்தம் முதலில் வந்தது, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கான அங்கீகாரம் அதன் பின்னரே வந்தது என்பதை இந்த வரிசையில் குறித்துக்கொள்ளுங்கள்.

2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. அது உமா ஓயாவின் நீர் அல்ல. பண்டாரவளை மலைகளின் வயிற்றில் பாறை வெடிப்புகளுக்குள் தேங்கியிருந்த நிலத்தடி நீர். துளையிடும் இயந்திரம் அந்த வெடிப்புகளைத் திறந்துவிட, மேலே இருந்த நீர் கீழே வடிந்தது. கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, நீர் வடிந்த நிலம் அமிழ்ந்ததால் ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் பிளந்தன. தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றில் வாளியை விட்டால் அடிக்கல்லில் மோதும் ஓசைதான் கேட்டது. வீதியோரங்களில் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிகள் வைக்கப்பட்டன. பவுசர் வரும் நாளைப் பார்த்துச் சமையலும் சலவையும் நடந்தன. 2017இல் மீண்டும் கசிவு கூடியபோது பண்டாரவளையில் கடைகள் மூடப்பட்டு, மக்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்தார்கள். சிங்களக் கிராமத்தவரும் தோட்டத்துத் தமிழரும் நகர வியாபாரிகளான முஸ்லிம்களும் ஒரே கோரிக்கைக்காக நின்ற அரிதான நாட்களில் ஒன்று அது. நோர்வேயிலிருந்து நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். சுரங்கம் உள்ளே பூசி அடைக்கப்பட்டது. இழப்பீடும் ஒரு பகுதியினருக்குக் கிடைத்தது.

அந்த இழப்பீடு எந்த அடிப்படையில் வழங்கப்பட்டது என்பதில் நம் கணக்கின் அடுத்த ஓட்டை இருக்கிறது. கிணற்றுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அவரிடம் காணி உறுதி உண்டு. வீடு வெடித்தால் மதிப்பிடலாம். லயத்துக் குடும்பத்துக்குக் கிணறு இல்லை, பீலி இருக்கிறது. பீலி இருக்கும் மலையும், குடும்பம் இருக்கும் லயமும், இரண்டும் தோட்டக் காணி. 1970களில் தேசியமயமான அந்தக் காணி, 1992க்குப் பின் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. உரிமையாளர் அரசு, நடத்துபவர் கம்பனி. நூற்றைம்பது வருடமாக அந்தப் பீலியில் குடித்தவர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அவருடைய ஊற்று வற்றினால் எவர் எவருக்கு எதை ஈடு செய்ய வேண்டும் என்ற கேள்வியே சட்டத்தில் எழுவதில்லை.

பீலி என்றால் என்ன என்பதை இந்த அவையில் சொல்லத் தேவையில்லை. ஆனால் திட்டம் வரைபவர்கள் அதை அறிந்ததாகத் தெரியவில்லை, ஆகவே அதன் இயக்கத்தைச் சொல்லி வைப்பது நல்லது. இரண்டு சரிவுகள் சேரும் மடிப்பில், பெரும்பாலும் நாலு காட்டு மரம் தப்பியிருக்கும் ஓரிடத்தில், ஈர மண்ணிலிருந்து நீர் கசிகிறது. அங்கே ஒரு சிறு சீமெந்துத் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் தேயிலை மலைக்கு ஊடாக இறங்கி லயத்துக்கு மேற்புறத்தில் வாய் திறக்கிறது. அந்த மடிப்புக்கு மேலே பெய்யும் மழை எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறதோ அவ்வளவுதான் கோடையில் குழாயில் வரும். மரம் வெட்டப்பட்டால் வரத்து குறையும். மேலே உரமும் களைநாசினியும் போட்டால் அதுவும் குழாயில் வரும். இதோடு இணைந்த மற்றொரு ஏற்பாடு கான். சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய சாய்வோடு வெட்டப்படும் வடிகான்கள் மழைநீரின் வேகத்தைக் குறைத்து, மண்ணை ஆங்காங்கே குழிகளில் தங்கவிட்டு, மிகுதியை இயற்கை ஓடையில் சேர்க்கும். கான் வெட்டு என்பது ஒரு காலத்தில் தோட்டத்தின் நிரந்தரமான ஆண் வேலை. செலவைக் குறைக்கும் நிர்வாகங்கள் முதலில் கைவைக்கும் வேலையும் அதுவே, ஏனென்றால் கான் தூர்ந்தாலும் அந்த மாதக் கொழுந்தின் எடை குறையாது.

அது தூர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஸ்லாந்தை மீரியபெத்தையை நினைக்காமல் பேச முடியாது. 2014 ஒக்தோபர் 29ஆம் திகதி காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும் வேளையில், மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். கானைக் கவனித்திருந்தால் மட்டும் அதைத் தடுத்திருக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலையில் விழும் நீருக்கு வழியமைப்பதும், அந்த மலையில் மனிதர் எங்கே இருக்கலாம் என்று தீர்மானிப்பதும் யாருடைய பொறுப்பு என்று கேட்டால், அன்று போலவே இன்றும் ஒரு அலுவலகம் மற்றொரு அலுவலகத்தைக் காட்டுகிறது. அந்தக் காலையில் இறந்தவர்களும், மாதக்கணக்கில் முகாமில் இருந்தவர்களும் அந்தப் பதிலுக்கு விலை கொடுத்தவர்கள்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானதை முதலில் எடுக்கிறேன். தென்கிழக்கு வரண்ட நாடு. வெல்லவாயவிலும் தணமல்விலவிலும் திஸ்ஸமகாராமையிலும் நீருக்கு ஏங்கும் விவசாயி ஏழை. அவனுக்கு நீர் கொடுப்பதைத் தோட்டத்துப் பீலியின் பேரால் தடுக்கலாமா? நியாயமான கேள்வி. மொனராகலை மாவட்டம் நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் ஒன்று, அதன் வறுமையில் பெரும்பங்கு நீர்ப் பற்றாக்குறையால் வருவது. ஆகவே அளவைப் பார்ப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு வேண்டியது 36.5 இலட்சம் கன மீற்றர். உமா ஓயாவில் திருப்பப்படும் 14.5 கோடியில் இது நூற்றுக்கு இரண்டரை. மலையில் இருப்பவரின் குடிநீரை முதலில் ஒதுக்கி வைப்பதால் எந்த வயலும் காயப்போவதில்லை. இவ்வளவு சிறிய ஒன்றை ஒதுக்காமல் விட்டதற்குப் பற்றாக்குறை காரணமாக இருக்க முடியாது. அவர்களைக் கணக்கில் சேர்க்கும் எண்ணமே இருக்கவில்லை.

அடுத்தது, ஆற்று நீர் வீணாகக் கடலுக்குப் போகிறது என்ற பேச்சு. பராக்கிரமபாகு மன்னன் சொன்னதாக வழங்கும் கருத்தை மேடைதோறும் எடுத்தாள்கிறார்கள். கும்புக்கன் ஓயா கடலுக்குப் போகும் வழியில்தான் குமண வில்லுக்கு நீர் ஏறுகிறது, பல்லாயிரம் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. மாணிக்க கங்கை கடலுக்குப் போகும் வழியில்தான் யால காட்டு விலங்குகள் கோடையைத் தாண்டுகின்றன. காட்டில் நீர் இல்லாத ஆண்டில் யானை எங்கே போகும் என்று புத்தள வீதியோரத்துச் சேனை விவசாயியைக் கேட்டால் சொல்லுவார். உமா ஓயாவும் வீணாகப் போகவில்லை. அது ரந்தம்பையில் மகாவலியைச் சேர்ந்து மின்சாரமும் நெல்லும் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு படுகையின் பாவனையை மற்றொரு படுகைக்கு மாற்றியதைப் புதிய நீர் கண்டுபிடித்ததாகச் சொல்வது சரியாகாது.

மூன்றாவதாக, சுரங்கக் கசிவு ஒரு விபத்து, பாறையின் இயல்பு முன்கூட்டித் தெரியாது, அதைக் கொள்கைக் குறையாக்கக் கூடாது என்பார்கள். வெலிமடை, பண்டாரவளை மலைகளில் மக்கள் ஊற்றையும் கிணற்றையும் நம்பி வாழ்கிறார்கள் என்பதை அறியப் பாறையைத் துளைக்க வேண்டியதில்லை. சுரங்கம் போகும் வழியில் எத்தனை ஊற்று, எத்தனை பீலி, ஒவ்வொன்றிலும் கோடையில் எவ்வளவு நீர் என்ற பதிவு வேலை தொடங்குமுன் எடுக்கப்பட்டிருந்தால், வற்றியது எது, சுரங்கத்தால் வற்றியதா கச்சானால் வற்றியதா என்ற சச்சரவுக்கே இடமிருந்திருக்காது. அந்தப் பதிவு இல்லாததால், தான் நீரை இழந்ததைப் பாதிக்கப்பட்டவரே நிரூபிக்க வேண்டியதாயிற்று.

நம்மைப் பார்த்தே சொல்லப்படும் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. தேயிலைதான் இந்த மலையை மொட்டையடித்தது, தோட்டத்தில் இருப்பவர் நீர் உரிமை பேசலாமா என்பது அது. தேயிலை மலையைக் கெடுத்தது உண்மை. வெலிமடைச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் மண்ணை அள்ளிக் கொடுப்பதும், ரந்தம்பை நீர்த்தேக்கம் அந்த வண்டலால் தூர்ந்துகொண்டிருப்பதும் உண்மை. ஆனால் எந்த மரத்தை வெட்டுவது, எந்த மலையில் நடுவது என்று தொழிலாளி எக்காலத்திலும் தீர்மானித்ததில்லை. மேலும், கெட்ட மலையைத் திருத்தும் வேலை நடக்க வேண்டுமானால் அதை யார் செய்வது? கான் வெட்டத் தெரிந்தவர்களும், ஊற்று எங்கே கசிகிறது என்று ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவர்களும் லயங்களில்தான் இருக்கிறார்கள்.

மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் நீரைப் பகிர்ந்து நடத்த முடியும் என்பதற்கு நம் அயலிலேயே சான்று உண்டு. கல் ஓயாத் திட்டத்தின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளைஞர்களை அமைப்பாளர்களாக அனுப்பி, வாய்க்கால் வாய்க்காலாக விவசாயிகளைக் கூட்டின. அதற்கு முன் தலைப்பில் இருப்பவர் நீரைத் தாராளமாகப் பாய்ச்ச, கடைசியில் இருப்பவர் வெறும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைசிப் பகுதிகளில் தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள். கூடிப் பேசத் தொடங்கிய பின் தலைப்பில் இருந்தவர்கள் தாமாகவே மதகை மூடி நீரைக் கீழே அனுப்பினார்கள். நாடு இனப்போருக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இது நடந்தது. இந்த அனுபவத்தை உலகெங்கும் நீர் முகாமை படிப்பவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டங்களும் சேனநாயக்க சமுத்திரத்தின் அணையிலிருந்து கீழேதான். பிபிலைக்கும் மடுல்சீமைக்கும் மேலே அந்தச் சமுத்திரத்தை நிரப்பும் மலையிலிருந்து ஒருவர்கூட அவற்றில் இல்லை.

மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் கொடுப்பனவு செய்வதும் புதிதல்ல. நியூயோர்க் நகரம் தன் குடிநீரில் பெரும்பகுதியைக் கற்ஸ்கில், டெலவெயர் மலைப்பகுதிகளிலிருந்து பெறுகிறது. பெருஞ்செலவில் வடிகட்டும் நிலையம் கட்டுவதைவிட, 1997இல் மலை ஊர்களோடு உடன்பாடு செய்து, அங்கே காணியைப் பாதுகாக்கவும் கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் விவசாயிக்கு உதவவும் நகரம் பணம் கொடுத்தது. மறுபக்கத்தையும் பார்க்கலாம். இந்தியாவோடு செய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் நம் உறவுகள் பலர் போய்க் குடியேறிய நீலகிரியில், பைக்காரா மின்நிலையம் 1930களிலிருந்து சமவெளிக்கு மின்சாரம் அனுப்புகிறது. குன்னூரிலோ கோடையில் குடிநீருக்குத் தட்டுப்பாடு. மலை எங்கிருந்தாலும் கணக்கை அணையில் தொடங்கினால் இதுதான் நடக்கிறது.

ரந்தெனியவில் உற்பத்தியாகும் ஒவ்வொரு அலகு மின்சாரத்தின் வருமானத்திலும் ஒரு சிறு பங்கை உமா ஓயாவின் மேல்படுகைக்கென்று சட்டப்படி ஒதுக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். அந்தப் பணத்தில் ஊற்றுக்கு மேலே உள்ள மடிப்புகளில் மரம் நடலாம், கான்களைத் திரும்ப வெட்டலாம், அதைச் செய்பவருக்கு நாட்சம்பளம் கொடுக்கலாம். சிறுபோகத்துக்கு எந்தத் திகதியில் நீர் திறப்பது என்று தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் நெல் விவசாயிக்கு இருக்கும் இருக்கையைப் போல, படுகையின் மேலே இருக்கும் தோட்டங்களின் மக்களுக்கும் ஒரு இருக்கை வேண்டும். எந்தப் புதிய திருப்பமும் அந்தப் படுகையின் குடிநீரைக் கழித்த பிறகே கணக்கிடப்பட வேண்டும். கதிர்காம விழாவுக்காக வெஹெரகலவிலிருந்து நீர் திறந்துவிட ஒரு அரசால் முடியும்போது, இதற்கு ஏற்பாடு செய்வது முடியாத காரியமல்ல.

ஆனால் இவற்றைக் கேட்பதற்கு நம் கையில் எண் வேண்டும். தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்க இருந்த தடை 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் நீங்கிவிட்டது. ஆகவே பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹல்தும்முல்லை, மொனராகலை பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் உள்ள பீலிகளுக்கு ஒரு பதிவேடு திறக்கலாம். அதற்குப் பொறியியலாளர் வேண்டியதில்லை. பத்து லீற்றர் வாளியும் ஒரு கடிகாரமும் போதும். வாளி 20 விநாடியில் நிரம்பினால் அந்தப் பீலி நாளொன்றுக்கு 43,200 லீற்றர் தருகிறது, ஆளுக்கு 100 லீற்றர் வீதம் 432 பேருக்குப் போதும். இரண்டு நிமிடம் பிடித்தால் 7,200 லீற்றர், 72 பேருக்குத்தான் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு இது. தோட்டப் பாடசாலைகளிடம் ஒப்படைத்தால் மாதம் ஒருமுறை எழுதி வைப்பார்கள். ஐந்து வருடப் பதிவு கையில் இருந்தால், அடுத்த சுரங்கம் வரும்போது வற்றியது எது என்று நாம் நிரூபிக்கத் தேவையிருக்காது. பதிவேட்டின் முதல் அளவை கச்சான் வீசும் ஆகஸ்ட்டில் எடுக்க வேண்டும். நவம்பர் மழையில் அளந்தால் ஊவாவில் எந்தப் பீலியிலும் குறை தெரியாது.